தறிக்கு நேரே ஒரு தாழ்ந்த ஜன்னல்

போன மாதம் கருவூலத்தில் உயிர்ச் சான்று கொடுத்துவிட்டு, பழக்கத்தில் கால் இழுக்க, பழைய ஆபீஸ் படியேறினேன். நான் ஓய்வு பெற்றபோது இருந்தவர்களில் ஒருவரும் இப்போது அங்கே இல்லை. இருந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். திவ்யா என்று ஒரு பொறியாளர், திரையில் ஒரு வீட்டை வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். மேற்குச் சுவர் சிவப்பாகவும் கூடம் நீலமாகவும் தெரிந்தன. எந்த மாதத்து வெயிலுக்கு எந்தச் சுவர் எவ்வளவு சுடும் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

“உங்க காலத்துல இதெல்லாம் ஏது மேடம்?” என்றாள்.

இருந்தது, ஒரு வீட்டைப் பார்த்து முடிக்க நாலு மாதம் ஆகும் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

என் பேர் எஸ்தர், சொந்த ஊர் வாலாஜாபாத். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான்தான். பாதிரியார் சொல்லி, கட்டட வரைபடம் போடும் படிப்பு இரண்டு வருஷம் படித்தேன். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் அரசு வீட்டுவசதி ஆபீஸில் டிரேசர் வேலை கிடைத்தது. பொறியாளர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் நகல் எடுக்கிற வேலை. ஒரு கூடம், ஒரு சமையலறை, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஜன்னல். இந்த ஒரே வீட்டை நாலு வருஷத்தில் எத்தனை தடவை வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த மூன்றடியை ஏன் மூன்றடி என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அப்புறம்தான் சிவஞானம் சார் உதவிப் பொறியாளராக மாற்றலாகி வந்தார். தென்பாண்டிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும், மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார்: எவ்வளவு, எந்த நேரத்தில், யார் பார்த்தது. “ரொம்ப வெயில் சார்” என்று யாராவது சொன்னால் இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் நின்று பார்ப்பார். பிறகு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தில் வைப்பதுபோல, புறங்கையைச் சுவரில் வைப்பார். வைத்த கையை உடனே எடுக்க மாட்டார். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் அப்படித்தான் கை வைக்கப் பழகினேன்.

அப்போது திருப்புட்குழி போகிற சாலையோரம் நெசவாளர்களுக்கு நாற்பது வீடு கட்ட உத்தரவாகியிருந்தது. அந்த நாற்பதில் நாலு வீட்டை மாதிரிக்காக முன்பே கட்டிக் குடியேற்றியிருந்தார்கள். மேலே சிமெண்ட் ஷீட், சுற்றிலும் ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர். அவற்றில் ஒன்றில்தான் கன்னியம்மா இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் டவுனில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் நெய்யப் போய்விடுவார். வீட்டுத் தறி அவளுடையது. தரையில் குழி வெட்டி, காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிற பட்டுத் தறி.

சார் சுவரில் கை வைத்துக்கொண்டே, வெயில் காலம் எப்படி என்று விசாரித்தார். பட்டு இழைக்கு ஈரப்பதம் வேண்டும், ஷீட்டின் சூட்டில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், காய்ந்து அறுகிறது, ஒருநாள் நெய்வதை மூன்று நாள் நெய்ய வேண்டியிருக்கிறது என்றாள். அதையெல்லாம் யார் யாருக்கோ சொல்லிச் சொல்லி அலுத்தவள்போல வேகமாகச் சொன்னாள். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று சார் கேட்டதும் அவள் குரல் தணிந்துவிட்டது.

“பொண்ணு இருக்குது ஐயா. ரெண்டு வயசு. பங்குனி பொறந்தா கூரத்துல எங்கம்மா வூட்ல வுட்டுடுவோம். இந்த ஷீட்டுக்குக் கீழ வச்சிருந்தா உடம்பெல்லாம் கொப்புளமா ஆயிடுது. ஆடி வந்தாதான் இட்டுக்கினு வருவோம். போன வருசம் இட்டுக்கினு வந்தப்ப என்னப் பாத்து அழுதுச்சு. அடையாளம் தெரியல அதுக்கு.”

சாரிடமிருந்து எவ்வளவு, எந்த நேரம் என்ற கேள்விகூட வரவில்லை. ஆபீஸ் திரும்பும் வழி முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அவர் மனதில் முன்பே ஒரு யோசனை இருந்தது. பழைய வீடுகளில் மண்சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தளம் மூடுவார்கள். சட்டிக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடாது. சுவருக்குச் செங்கல் சுட வேண்டாம், ஏரி மண்ணில் சுண்ணாம்பு கலந்து அச்சில் இடித்த மண்கல் போதும். இது குளிர்ச்சி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரிக்கு எழுதினால் எவ்வளவு குளிர்ச்சி என்று எண்ணில் சொல்ல வேண்டும். வெயில் தளத்தில் விழுந்து, ஒவ்வொரு அடுக்காக இறங்கி, அறைக்குள் வருகிற கணக்கை மணிக்கு மணி போட வேண்டும். ஸ்லைடு ரூல் என்ற கணக்குப் போடும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கூரைக்கு ஒரே ஒரு நாள் கணக்கைப் போட அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. எட்டு விதக் கூரையும் நாலு விதச் சுவரும் பார்க்க வேண்டுமென்றால் அவர் ஆயுள் போதாது.

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அங்கே இருந்த ஒரு பேராசிரியர் சாரின் கூடப்படித்தவர். அனுமதி கிடைத்தது. கணக்கை அந்த மெஷினுக்குக் கொடுக்க அட்டையில் துளை போட ஆள் வேண்டும் என்று சார் என்னைப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்றேன். எண் வருமே என்றார்.

இரண்டு வாரம் அங்கே போய்க் கற்றுக்கொண்டேன். கட்டம் போட்ட தாளில் முதலில் எழுத வேண்டும். ஒரு அட்டைக்கு எண்பது கட்டம். தட்டச்சு மாதிரி ஒரு மெஷினில் அதைப் பார்த்து அடித்தால் அட்டையில் துளை விழும். ஒரு துளை தள்ளி விழுந்தாலும் அந்த அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். கட்டு முடிந்ததும் அதன் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சிவப்பு மையால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவேன். கை தவறி அட்டை சிதறினாலும் கோட்டைச் சேர்த்துவைத்தால் வரிசை வந்துவிடும். ஒரு தடவை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பிரேக் போட்டபோது முந்நூறு அட்டையும் சீட்டுக்கடியில் பறந்தன. அந்தக் கோடுதான் என்னைக் காப்பாற்றியது. அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டர் அறை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாளோ மறுவாரமோ, அகலத் தாளில் அச்சடித்து விடை வரும். சில நாள் விடை வராது, தப்பு இருக்கிறது என்று ஒற்றை வரி மட்டும் வரும்.

கன்னியம்மாவிடம் ஒருநாள் அட்டையைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தறியில பூப் போடுற ஜக்கார்டு அட்டை மாதிரிதான் இருக்குது, நூலு மட்டும் இல்ல” என்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுச் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டரோடு நான் எந்த நேரம் போனாலும் அவள் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை.

நாலு மாதத்தில் கம்ப்யூட்டர் ஒரு விடை தந்தது. மண்கல் சுவர், சட்டித் தளம், பகலில் ஜன்னல் மூடி சாயங்காலம் திறப்பது. இப்படி ஒரு வீடு இருந்தால், சித்திரை நடுப்பகலில் ஷீட் வீட்டைவிட ஆறு டிகிரி குறைவாக இருக்கும். சார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். அனுமதி வாங்கி ஒரு வீடு கட்டினோம். வாலாஜாபாத் குயவர்கள் சட்டி கொண்டுவந்தார்கள். நானே நின்று எண்ணி அடுக்க வைத்தேன். மாசி கடைசியில் கன்னியம்மா குடும்பத்தை அதில் குடிவைத்தோம். இந்த வருஷம் குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று சார் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கு வந்தது எனக்கு ஆச்சரியம்.

சித்திரை வந்தது. தினமும் மணிக்கொரு தரம் நான் அளவு எடுத்தேன். முதல் வாரம், ஆறு டிகிரி குறைய வேண்டிய இடத்தில் இரண்டுகூடக் குறையவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. குழந்தையின் முதுகில் கொப்புளம் கிளம்பியது. கன்னியம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கூரத்துக்கு அனுப்பிவிட்டாள். நான் போனபோது தொட்டில் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் மேற்பார்வைப் பொறியாளர் பார்வையிட வந்தார். என் நோட்டைப் புரட்டினார். கம்ப்யூட்டர் தாளைப் புரட்டினார். மெஷின் பொய் சொல்லாது, அட்டை அடித்த பெண்தான் எங்கேயோ தப்பு விட்டிருக்கும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பதினைந்து நாளில் சரியான காரணம் எழுத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வீடு எல்லாவற்றுக்கும் ஷீட்டுக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் எல்லா அட்டைகளையும் மேஜைமேல் பரப்பினேன். தாளில் எழுதியதையும் துளையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. என் அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்த கையால் ஒரு தப்புத் துளை விழுந்து, அதனால் ஒரு குழந்தை அம்மாவை விட்டுப் போயிருக்குமோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடைசி அட்டையும் முடிந்தது. தப்பு ஒன்றுமில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

“நீங்க அழவேண்டிய தேவையே இல்லம்மா. அவர் உங்களச் சொன்னப்ப நான் வாயத் திறந்திருக்கணும். பயந்துட்டேன். அந்தத் தப்பு என்னோடது” என்றார்.

ஒரு மேலதிகாரி ஒரு டிரேசரிடம் இப்படிச் சொல்லி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பிறகு அவர் சொன்னது: இதுவரை மணிக்கொரு தரம் வாசலில் நின்று அளவு எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். நாளைக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உள்ளேயே இருங்கள். தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டாம். அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

போனேன். காலையில் கன்னியம்மா ஜன்னலை மூடியேதான் வைத்திருந்தாள். ஒன்பது மணிக்குத் தறியில் இறங்கினாள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. எழுந்து போய் மேற்கு ஜன்னலைத் திறந்தாள், பிறகு வாசல் கதவையும் விரியத் திறந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அனல் காற்று நேரே உள்ளே வந்து என் முகத்தில் அடித்தது. அப்படியே சாயங்காலம் ஐந்து மணிவரை அது திறந்தே கிடந்தது. நான் அளவெடுக்க வரும்போது மட்டும், செருப்புச் சத்தம் கேட்டதும், சட்டென்று எழுந்து சாத்திவிடுவாளாம். பகல் முழுக்க நான் உள்ளேயே இருந்தால் மறைக்க வழியில்லை என்று அதை அவளே சொன்னாள்.

“ஏன்க்கா திறக்கிறீங்க?” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தறியில் உட்காரவைத்தாள். குழியில் காலை விட்டு உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே இருந்தது நான் வரைந்த ஜன்னல். வெளிச்சம் எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. எனக்கு முன்னால் பாவு இருந்த இடம் இருட்டு. இரண்டு இழைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“நீங்க நின்னுக்கினு பாக்குறதுக்கு ஜன்னல் வச்சிருக்கீங்கமா. நாங்க குழியில குந்திக்கினு பாக்குறவங்க. கதவத் தொறந்தாதான் நூலு கண்ணுக்குத் தெரியுது.”

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வீடு கொடுத்தவர்களிடம் குறை சொன்னால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள் என்று புருஷன் பயந்தாராம். அது மட்டும் இல்லை. “நீ அட்டையக் கட்டிக்கினு பஸ்ஸுல அலஞ்சத நான் பாத்தேனே. உன் வேலைக்கி என்னால கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான்” என்றாள். என் பேரைக் காப்பாற்றத்தான் என் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து எழுந்து கதவைச் சாத்தியிருக்கிறாள்.

மறுநாள் சாரை அழைத்துப் போனேன். அவர் வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குழியில் இறங்கி உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பென்சிலை எடுத்து, உட்கார்ந்தபடியே, எதிரே வடக்குச் சுவரில் கை எட்டிய உயரத்தில் ஒரு கோடு போட்டார். ஜன்னலின் அடி தரையிலிருந்து ஒரு சாண், மேல்விளிம்பு இரண்டரை அடி. அங்கே வெளிச்சம் வரும், வெயில் வராது. சித்திரை வைகாசியில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்வதால் வெளியே இரண்டடிக்கு ஓட்டு இறக்கம். மேற்கு ஜன்னலை அடைத்துவிடுவது. கன்னியம்மா குறுக்கே பேசி, தவளையும் பாம்பும் வராமல் இருக்கக் கம்பி வலை வேண்டும் என்றாள். பூப்போட்ட ஓடு மாதிரி துளை விட்ட மண்பலகை வைத்தால் காற்றும் நிதானமாக வரும், தூசியும் நிற்கும் என்று கொத்தனார் சொன்னார். சார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், யார் சொன்னது என்பதோடு.

திரும்பவும் அட்டை அடித்தேன். இந்த முறை புதிதாக இருபத்துநாலு அட்டை சேர்ந்தது. அந்த வீட்டில் ஒவ்வொரு மணியிலும் எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதற்கு மணிக்கு ஒரு அட்டை. கன்னியம்மாவின் ஒருநாள் முழுதும் அதில் இருந்தது. பழைய வீட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது, நான் நோட்டில் எழுதிய சூட்டை ஏறக்குறைய அப்படியே தாள் காட்டியது. புதிய ஜன்னலுக்குப் போட்டபோது ஐந்து டிகிரி இறங்கியது. கல்லூரி வராந்தாவில் நின்று அதைப் படித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன்.

பதினைந்து நாளுக்கு ஒருநாள் முன்னதாகச் சுவரை இடித்து ஜன்னல் வைத்து முடித்தோம். மேற்பார்வைப் பொறியாளர் நடுப்பகலில் வந்தார். சார் அவரிடம் முதலில் அட்டைகளைப் பற்றிப் பேசினார். எஸ்தர் அடித்த அட்டையில் ஒரு தப்பும் இல்லை, கேட்க மறந்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகுதான் வீட்டுக்குள் கூட்டிப்போனார். கதவு சாத்தியிருந்தது, தறி ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு அதை மடித்து உள்ளே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

எல்லா வீடும் அப்படிக் கிடைத்துவிடவில்லை. ஷீட் முன்பே வந்து இறங்கியிருந்தது. பன்னிரண்டு வீட்டுக்குத்தான் எங்கள் முறை என்று உத்தரவு வந்தது. மிச்சம் இருபத்துமூன்றும் ஷீட் வீடாகவே எழுந்தன. அவற்றிலும் வடக்குச் சுவரில் தாழ்ந்த ஜன்னல் மட்டும் வைக்க சார் சண்டை போட்டு வாங்கினார். அந்தப் படத்தை நான்தான் வரைந்தேன். முதன்முறையாக, எதற்காக ஒரு கோட்டை இழுக்கிறேன் என்று தெரிந்து இழுத்தேன்.

கன்னியம்மா வைகாசியிலேயே கூரத்துக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வருஷம் அது அம்மாவைப் பார்த்து அழவில்லை. அடுத்த கோடையில் அது எங்கும் போகவில்லை. தறி அடியிலேயே பாயில் கிடந்து தூங்கும்.

அந்த அடுத்த கோடையில்தான் சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, ராமநாதபுரம் பக்கம். போகிற நாளன்று, கடைசியாக ஒருநாள் அளவு எடுத்துவிடலாம் என்று நானும் அவருமாகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். பன்னிரண்டு மணிக்கு எடுத்தோம், ஒரு மணிக்கு எடுத்தோம். கன்னியம்மா மோர் கொடுத்தாள். சார் வழக்கம்போலப் புறங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, இங்கே சற்றுத் தலை சாய்க்கலாமா என்று கேட்டார். அவள் பாய் எடுக்கப் போவதற்குள் வெறும் தரையில் படுத்துக்கொண்டார். கையைத் தலைக்கு வைத்தார். கொஞ்ச நேரத்தில் மெல்லக் குறட்டை வந்தது. அவரோடு வேலை பார்த்த மூன்று வருஷத்தில் அவர் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை.

தறிச் சத்தத்தில் எழுந்துவிடுவார் என்று கன்னியம்மா நெய்வதை நிறுத்தினாள். குழந்தை பக்கத்தில் போய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. வெளியே சாலையில் தார் இளகிக் கிடந்த வெயில். உள்ளே தாழ்ந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் தரையோடு வந்து அவர் கால்வரைக்கும் கிடந்தது.

இரண்டரைக்கு எழுந்தார். தறிச் சத்தம் நின்றதும் முழிப்பு வந்துவிட்டதாம், எழுந்திருக்க மனம் வரவில்லையாம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, இரண்டு மணி அளவு எவ்வளவு என்று என்னிடம் கேட்டார்.

நான் எடுக்கவில்லை. தெர்மாமீட்டர் அவர் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்து போனால் அவர் எழுந்துவிடுவார் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கோடைக்காலம், அளவெடுக்கப் போன நாளெல்லாம் ஒரு மணிகூட விடாமல் எழுதிய நோட்டு. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.